நாற்பதாவது இன்ஜின் செக்கப்

எங்கள் தொழிலில் வண்டியைத் தொடுகிறவர் ஒருவர், வண்டியைப் பற்றிப் பேசுகிறவர் இன்னொருவர், நான் பேசுகிறவள். இராமநாதபுரத்தில் ஒரு டூ வீலர் சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் அட்வைசர் என்று எனக்குப் பெயர். வண்டி வந்ததும் மீட்டரைப் பார்த்து, கிலோமீட்டரைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். என்னென்ன வேலை பார்க்கலாம் என்று அது ஒரு பட்டியல் கொடுக்கும். அதை வாடிக்கையாளரிடம் சொல்லி, சரியா வேண்டாமா என்று கேட்டு, ஜாப் கார்டில் கையெழுத்து வாங்க வேண்டும். பட்டியலின் கடைசியில் இன்ஜின் செக்கப் நிற்கும். வால்வு இடைவெளி, பிளக், ஆயில் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது. அறுநூறு ரூபாய். நன்றாக ஓடுகிற வண்டிக்கு எதற்கு அறுநூறு ரூபாய் என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்வதுதான் என் வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, தேவையா இல்லையா என்று தனக்கே தெரியாத ஒன்றைத் தேவை என்று சொல்லிப் பார்த்தவர்கள் இதைப் படித்தால் என் நிலைமை புரியும்.

நான் பி.எஸ்சி. கணிதம். எங்கள் வீட்டில் முதல் பட்டம். ஊர் கமுதிக்குப் பக்கத்தில், மிளகாய்க் காடு. வேலையில் முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். ஆறாவது மாதத்தில் நாற்பது பேராவது செக்கப்புக்குச் சரி சொல்லியிருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் இல்லை என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள். நிரந்தரமாகாவிட்டால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று என்னைப் பெற்ற அய்யாவும் சொல்லியிருந்தார். சாயல்குடியில் ஒரு மாப்பிள்ளை வீடு பதிலுக்குக் காத்திருந்தது. அந்த மாப்பிள்ளையைப் பற்றி என்னால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏனென்றால் அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

பாலத்தில் நின்ற வண்டி

இந்த முதல் சம்பவத்தை நான் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் சொன்னது. அவர் நேரில் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. சேர்ந்த அன்றே கேட்கிற கேள்வியில்லை அது.

பாம்பனிலிருந்து ஒருவர் மீன் ஏற்றிக்கொண்டு தினமும் இராமநாதபுரம் வருவாராம். வண்டியின் பின்னால் பெரிய ஐஸ் பெட்டி. சர்வீஸுக்கு விட்டபோது இன்ஜின் செக்கப் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சரியாக எட்டாவது நாள், உச்சி வெயிலில், பாம்பன் பாலத்தின் நட்ட நடுவில் வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கடல். தள்ளினால் காற்று பின்னால் தள்ளுகிறது. ஐஸ் உருகி, பெட்டியிலிருந்து சொட்டிச் சொட்டி, கரை சேர்வதற்குள் மொத்த மீனும் போயிற்று. யார் செக்கப் வேண்டாம் என்றாலும் இதைச் சொல்லச் சொன்னார் மேனேஜர். என்னை ஒரு முறை சொல்லிக்காட்டச் சொன்னார். சொன்னேன். தலையாட்டிவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்:

"அந்த 'சொட்டிச் சொட்டி' வர்ற எடத்துல மட்டும் குரலக் கொஞ்சம் எறக்கிக்கம்மா."

கதையின் முடிவு தெரிந்தவர்

இரண்டு மாதம் அதைக் குரல் இறக்கிச் சொன்னேன். சிலர் சரி என்றார்கள். சரி என்றவர்கள் முகத்தைப் பார்க்காமல் ஜாப் கார்டை நீட்டப் பழகிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் பரமக்குடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். மதுரையிலிருந்து மாற்றலாகி இந்தப் பக்கம் வந்தவர். அவரிடம் பாலத்தின் நடுவரைக்கும் போயிருப்பேன். கையைக் காட்டி நிறுத்தினார். முதலிலிருந்து அவரே சொன்னார். எட்டாவது நாள், உச்சி வெயில், தள்ளினால் பின்னால் தள்ளுகிற காற்று எல்லாம் ஒரு வார்த்தை மாறாமல். உங்களுக்கு எப்படித் தெரியும் சார் என்று கேட்டேன். மதுரையில் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டபோது அங்கே கேட்டாராம். அங்கே அது வைகைப் பாலம். மீனுக்குப் பதில் மல்லிகைப்பூ. எனக்குக் காது சுட்டது. மேனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்தது ஒன்றுதான் ஆறுதல். வாத்தியார் கோபப்படவில்லை. தேர்வுத்தாளில் இரண்டு பையன்கள் ஒரே விடையை எழுதியதைப் பார்த்தவர் மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அங்க பூவு வாடிப்போச்சுன்னு முடிச்சாங்க. இங்கன மீன வித்தாரா இல்லையா, அதச் சொல்லும்மா."

கண்மாயும் இன்ஜினும்

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையைச் சொல்லவில்லை. செக்கப்பில் என்னென்ன பார்ப்போம் என்பதை மட்டும் சொன்னேன். சரி சொல்கிறவர்கள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நெல் மூட்டை ஏற்றி ஏற்றிச் சீட்டின் பின்பாதி வழவழவென்று இருந்தது. செக்கப் பற்றிச் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீ வண்டி ஓட்டுவியா தாயி?" என்றார். ஓட்ட மாட்டேன் என்றேன். "இஞ்சின் பிரிச்சிருக்கியா?" இல்லை என்றேன். "அப்ப என்ன படிச்ச?" கணக்கு என்றேன். அதில் அவருக்குத் திருப்தி வந்தது போலிருந்தது. கணக்குத்தானே, இதையும் கணக்காகப் பார்ப்போம் என்று சொல்லிக் கவுண்டரில் சாய்ந்துகொண்டார். கண்மாயில் தண்ணீர் வந்தால் நடவு உண்டு. நடவு இருந்தால் உரக்கடைக்கும் வயலுக்கும் இந்த வண்டி நாளைக்குப் பத்து தடவை ஓடும். அப்போது இன்ஜினைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். தண்ணீர் வராவிட்டால் வண்டி வீட்டில் நிற்கும். நிற்கிற வண்டிக்கு எதற்குச் செக்கப். எனக்கு அந்தக் கணக்கில் ஒரு தப்பும் தெரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே மனதில் குறித்துக்கொண்டேன். அது பின்னால் என்னைக் கவிழ்க்கும் என்று அப்போது தெரியாது. வேண்டாம் என்ற இடத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்:

"வேணாம்னு எழுதிராத. வானத்தப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

தள்ளுகிறவர்

உச்சிப்புளியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும். ஆறாவது மாதம் முதல் வாரம். கணவர் வேண்டாம் என்றார். வண்டி குதிரை மாதிரி ஓடுகிறது, அதைப் பிரித்துக் கெடுக்க வேண்டாம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. அவர் கையெழுத்துப் போடப் போன நேரத்தில், அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த அந்த அக்கா எழுந்து வந்தார். பேனாவை வாங்கி, சரி என்ற கட்டத்தில் டிக் போட்டு, பேனாவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கணவர், "உனக்கு இஞ்சினப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டார். அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். என்னிடம் சொன்னார்:

"வண்டி நின்னா இவுக ஹேண்டில்பாரப் பிடிச்சுக்கிட்டு மேல உக்காந்துக்கிருவாக. பின்னால நின்னு தள்ளுறது நானு."

முப்பத்தாறு கிலோமீட்டர்

மாதக் கடைசி சனிக்கிழமை நான் முப்பத்தொன்பதில் நின்றேன். ஞாயிறும் கடை உண்டு. திங்களன்று மேனேஜர் பட்டியலைப் பார்ப்பார். ஒன்றே ஒன்று வேண்டும்.

கீழக்கரையிலிருந்து சாகுல் என்று ஒருவர் வந்தார். கூடவே அவருடைய மாமனார். சாகுல் அண்ணன் மூன்று வருடம் துபாயில் இருந்துவிட்டு, இனி போவதில்லை என்று திரும்பி வந்தவர். மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து தொண்டிவரைக்கும் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்க வேண்டும். நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். சொந்த வண்டி இருக்கிறது என்று சொல்லித்தான் அந்த வேலையே கிடைத்ததாம். நின்ற இடத்திலேயே டயரில் வெடிப்பு விழுந்திருந்ததால் டயர் மாற்ற வந்திருந்தார்கள். இன்ஜின் செக்கப் வேண்டுமா என்று அவரே கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டார். முப்பத்தொன்பதில் நிற்கிறவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மீட்டரைப் பார்த்தேன். பழைய ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தேன். துபாய் போவதற்கு முந்தின வாரம் இங்கேதான் முழு சர்வீஸ் செய்திருக்கிறார். அதற்குப் பிறகு வண்டி ஓடியது முப்பத்தாறு கிலோமீட்டர். அன்று இங்கிருந்து வீட்டுக்குப் போனதும், இன்று வீட்டிலிருந்து இங்கே வந்ததும். சும்மா போட்டு வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். மாமனார் நிமிர்ந்துவிட்டார். வாராவாரம் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிடுவாராம், ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல். மகள் போனைச் சைலன்சர் பக்கம் பிடித்துக்கொள்வாள். துபாயில் மருமகன் சத்தம் கேட்பார். இன்னும் கொஞ்சம் முறுக்குங்க மாமா என்பார். இவர் முறுக்குவார். எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. வண்டியை இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டவர்களிடம் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். முப்பத்தாறு கிலோமீட்டருக்குக் கம்ப்யூட்டரும் எந்த வேலையும் காட்டவில்லை. நிற்கிற வண்டிக்கு எதற்குச் செக்கப் என்ற அந்த விவசாயியின் கணக்கும் நினைவில் இருந்தது. "செக்கப் தேவையில்லைண்ணே. வண்டி ஓடவேயில்லை. டயர் மட்டும் போதும்" என்று சொல்லி, ஜாப் கார்டில் தேவையில்லை என்று என் கையாலேயே எழுதினேன். மாமனார் சாகுல் அண்ணனைத் தோளில் தட்டிச் சொன்னார்:

"பாத்தீங்களா மருமகனே, படிச்ச புள்ள சொல்லுது. நம்ம பாத்த பார்வை அப்படி."

கடலில் மைல்கல்

சேவியர் அண்ணன் எங்கள் தலைமை மெக்கானிக். தங்கச்சிமடத்துக்காரர். இங்கே வருமுன் பத்து வருடம் பாம்பனில் விசைப்படகு இன்ஜின் பார்த்தவர். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது அவரிடம் பெருமையாகச் சொன்னேன். ஒன்று குறைகிற நேரத்திலும் ஒருவரிடம் வேண்டாம் என்று உண்மையைச் சொல்லி அனுப்பினேன் என்று. பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "எத்தன மணி ஓடிருக்கு?" என்று கேட்டார். மணி இல்லை அண்ணே, முப்பத்தாறு கிலோமீட்டர் என்றேன். "நான் மணியக் கேட்டேன். போட்டுல ஏது கிலோமீட்டரு? கடல்ல மைல்கல்லா நட்டு வச்சிருக்கான்? இத்தன மணி ஓடுச்சுன்னா ஆயில மாத்து, இத்தன மணின்னா தெறந்து பாரு. அம்புட்டுத்தான்."

கணக்கு படித்தவளுக்குக் கணக்குப் போட நேரம் ஆகவில்லை. மூன்று வருடம், சுமார் நூற்றைம்பது வெள்ளிக்கிழமை, தலா கால் மணி. முப்பத்தேழரை மணி நேரம். ரோட்டில் ஓடியிருந்தால் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தாண்டியிருக்கும். அது மட்டுமில்லை, அதைவிட மோசம் என்றார் சேவியர் அண்ணன். ரோட்டில் ஓடினால் இன்ஜின் நன்றாகச் சூடாகி உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிப் போய்விடும். நின்ற இடத்தில் கால் மணி ஓட்டிவிட்டு நிறுத்தினால் பாதிச் சூட்டிலேயே ஆறி, உள்ளே வியர்த்து, அந்தத் தண்ணீர் ஆயிலில் இறங்கும். கீழக்கரை மாதிரி கடற்கரைக் காற்றில் மூன்று வருடம் அப்படி நடந்தால் ஆயில் ஆயிலாக இருக்காது. அதை வைத்துக்கொண்டு தினமும் நூறு கிலோமீட்டர் போனால் இன்ஜின் எத்தனை நாள் தாங்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். ஓடாத வண்டி என்றுதானே நினைத்தேன் என்றேன்.

"அது ஓடாத வண்டியில்ல தங்கச்சி. நகராத வண்டி."

ஞாயிற்றுக்கிழமை போன்

ராத்திரி நான் தங்கியிருக்கும் விடுதியில் தூக்கம் வரவில்லை. அவர் திங்கட்கிழமை அந்த வண்டியில் புறப்படுவார். நின்றுவிட்டால் வண்டியோடு வேலையும் போகும். காலையில் கடைக்கு வந்ததும் போன் போட்டேன். பக்கத்தில் சேவியர் அண்ணன் நின்றார். "அண்ணே, நேத்து செக்கப் வேணாம்னு சொன்னேன்ல, அது தப்பு. ஆயில் மாத்தணும், இஞ்சினையும் தெறந்து பாக்கணும்" என்றேன். சாகுல் அண்ணன், "நேத்து வேணாம்னீங்க. இன்னைக்கு வேணும்ங்கிறீங்க. எங்க வீட்டு வாசல்ல நின்ன வண்டிக்கு ஒரு ராத்திரில என்ன வந்துச்சு?" என்றார். மணிக்கணக்கைச் சொன்னேன். ஈரத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பாலத்துக் கதை மாதிரி கேட்டது. குரல் தானாகவே இறங்கியிருந்தது.

"மேனேஜர் சத்தம் போட்டாரா?" என்று கேட்டார். அவருக்கு இது தெரியவே தெரியாது என்றேன். "சரி, இதுல உங்களுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இருக்குண்ணே. இந்த மாசம் நாப்பது பேரு செக்கப்புக்குச் சரி சொல்லணும். முப்பத்தொம்பது ஆயிருக்கு. நீங்க சரின்னா என் வேலை நிரந்தரமாகும்" என்றேன். சேவியர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விட்டார். பிறகு சாகுல் அண்ணன் மெதுவாகச் சொன்னார்:

"இத ஏம்மா சொன்ன? சொல்லாம இருந்திருந்தா வந்திருப்பேன்."

கைக்குட்டை

அப்படியே வைத்துவிடுவார் என்று பயந்து, அவசரமாக ஒன்று சொன்னேன். நீங்கள் இங்கே வர வேண்டாம், என்னை நம்பவும் வேண்டாம். இன்ஜினின் வலது பக்கம் கீழே ஆயில் ஊற்றுகிற மூடி இருக்கும், அதைத் திருகி எடுத்தால் கூடவே ஒரு குச்சி வரும், அதை வெள்ளைத் துணியில் துடைத்து நீங்களே பாருங்கள் என்றேன். நல்ல ஆயில் என்றால் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருக்க வேண்டும் என்று முந்தின நாள் சேவியர் அண்ணன் சொல்லியிருந்தார். சாகுல் அண்ணன் வீடியோவில் வந்தார். போனை அவருடைய மனைவி பிடித்திருந்தார். பழகிய கை, ஆடவேயில்லை. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து மூடியைத் திருகினார். துடைக்கத் துணி தேடாமல் தன் சட்டைப் பையிலிருந்த சலவைக் கைக்குட்டையையே எடுத்தார்.

குச்சியில் வந்தது பால் அதிகமான டீயின் நிறம். மூடியின் உட்புறம் வெண்ணெய் மாதிரி ஒன்று அப்பியிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. மாமனார் கைக்குட்டையை விரித்து வெயிலில் காட்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் மருமகனிடம் கேட்டார்:

"சத்தம் நல்லாத்தானே இருந்துச்சு மருமகனே? நீங்களும் கேட்டீங்கள்ல?"

திறந்து பார்த்தபோது

பதினோரு மணிக்கு வண்டியை ஒரு குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஓட்டி வர வேண்டாம் என்று சேவியர் அண்ணன் சொல்லியிருந்தார். சாகுல் அண்ணன் என்னிடம் பேசாமல் ஜாப் கார்டை வாங்கி, ஆயில் என்ற இடத்தில் டிக் போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, செக்கப் என்ற இடத்திலும் போட்டார். நாற்பது ஆயிற்று. மேனேஜர் கண்ணாடிக்குள்ளிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

சேவியர் அண்ணன் ஆயிலை வடித்தார். அதை நான் விவரிக்காமல் விடுகிறேன். பிறகு மேல் மூடியைக் கழற்றி, மெல்லிய தகடுகளை நுழைத்து வால்வு இடைவெளியை அளந்தார். சரியாக இருந்தது. பிளக்கில் கரி, துடைத்துப் போட்டார். உள்ளே தேய்மானம் இல்லை, கீறல் இல்லை. ஒன்றுமே இல்லை. ஆயிலை மாற்றியிருந்தால் போதும். அறுநூறு ரூபாய்க்கு அவர் கண்டுபிடித்தது, அறுநூறு ரூபாய்க்குக் கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் இல்லை என்பதைத்தான். மேனேஜர் பில்லோடு வெளியே வந்து நின்ற நேரத்தில் நான் அதைச் சாகுல் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். செக்கப்பில் ஒரு குறையும் இல்லை, ஆயில் மட்டும் போதுமாக இருந்திருக்கும் என்று. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் சாயல்குடி தெரிந்தது. சாகுல் அண்ணன் பில்லை வாங்கிக்கொண்டு அவரிடம் சொன்னார்:

"இந்தப் புள்ள வேணாம்னு சொன்னதும் தப்பு, வேணும்னு சொன்னதுலயும் பாதி தப்பு சார். ஆனா ரெண்டையும் நான் கண்டுபிடிக்கல, அதுவே வந்து சொல்லுச்சு."

திங்கட்கிழமை

சாகுல் அண்ணன் தொண்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கூட ஒரு வார்த்தையும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் கூப்பிட்டார். எதிரில் உட்காரச் சொன்னார். முன்னால் என் ஆறாவது மாதத்துப் பட்டியல். நாற்பதாவது வரியில் பேனாவை வைத்தார். பில் கொடுக்கிற இடத்தில் நின்று, கொடுத்த காசு வீண் என்று எந்த அட்வைசரும் சொல்லி அவர் பார்த்ததில்லையாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். எதற்காகக் கேட்பது என்று தெரியவில்லை. அய்யாவிடம் என்ன சொல்வது என்ற வாக்கியத்தை மனதில் எழுதத் தொடங்கியிருந்தேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். நாற்பது என்றால் நாற்பதுதான், அதில் ஒருவர் சந்தோஷமாகக் கொடுத்தாரா வருத்தமாகக் கொடுத்தாரா என்று பட்டியலில் கட்டம் இல்லை என்றார். நான் நன்றி சொல்லி எழுந்து கதவுவரை போய்விட்டேன். பின்னாலிருந்து, கோபமில்லாமல், தொழில் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார்:

"அடுத்தவாட்டி தெறந்து பாத்து ஒண்ணும் இல்லைன்னா, செக்கப் வீண்னு சொல்லாத. எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு. ரெண்டும் ஒண்ணுதாம்மா."

பிறகு பார்த்தது

அது ஒன்றா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் இன்னொன்றைச் சரிபார்த்தேன். ஏழாவது மாதம், வண்டி நிறைய வராத ஒரு மத்தியானம், புது வண்டியோடு கொடுக்கிற கையேட்டை முதல் முறையாக எடுத்துப் புரட்டினேன். பராமரிப்பு அட்டவணை ஒரே பக்கம்தான். ஒவ்வொரு வேலைக்கும் நேராகக் கிலோமீட்டர் ஒரு கட்டத்தில், மாதம் இன்னொரு கட்டத்தில். எங்கள் கம்ப்யூட்டர் கேட்பது முதல் கட்டத்தை மட்டும். அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: இவற்றில் எது முதலில் வருகிறதோ அது. ஆயிலுக்கும் செக்கப்புக்கும் பன்னிரண்டு மாதம் என்று போட்டிருந்தது. சாகுல் அண்ணனின் பழைய ஜாப் கார்டில் இருந்த தேதியை எடுத்து வைத்துப் பார்த்தேன். வண்டி ஓடினாலும் நின்றாலும், மூன்று முறை செய்திருக்க வேண்டிய வேலை அது. கடல் மணிக்கணக்கும் கைக்குட்டையும் இல்லாமலே அன்று சனிக்கிழமை கவுண்டரில் வைத்து நான் சொல்லியிருக்கலாம்.

பட்டம் வாங்குவதற்குப் பதினைந்து வருடம் படித்த நான், வேலைக்குத் தேவையான அந்த ஒரே பக்கத்தைப் படித்தது வேலை நிரந்தரமான பிறகுதான்.